சாதாரணக் கணவர் ஒருவர் தேவை

சினிமா கெட்டுப்போகுமா என்றால் கெட்டுப்போகும். பாலுக்கு ஒரு நாள், ரொட்டிக்கு மூன்று நாள், சினிமாவுக்கு முப்பது வருஷம். ஊரே திரண்டு போய் விசிலடித்துப் பார்த்த படங்களை இப்போது டிவியில் போட்டால், வீட்டுப் பிள்ளைகள் பெற்றவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கதாநாயகன் ஒரு பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துகிறான். அவள் மாட்டேன் என்றால் அறைகிறான். அறை வாங்கிய கன்னம் ஆறுவதற்குள் அவள் மலைச்சரிவில் அவனோடு ஆடுகிறாள். குண்டு நண்பன் நாற்காலியோடு கீழே விழுகிறான், அதுதான் நகைச்சுவை. இதற்கா கைதட்டினீர்கள் என்று பிள்ளைகள் கேட்க, அப்பாக்கள் சேனலை மாற்றினார்கள். சேனல்காரர்கள் அரசாங்கத்திடம் போனார்கள். அரசாங்கம் தனக்குக் கைவந்த ஒரே காரியத்தைச் செய்தது, ஒரு வாரியத்தை அமைத்தது.

பழம்பட மறுபார்வை வாரியம் என்று பெயர். ஐந்து மாடிக் கட்டிடத்தில் ஐந்தாவது மாடி. அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்ட படங்களைத் திரும்பப் பார்த்து, இந்தக் காலத்து மனிதர் மனம் புண்படுமா என்று கண்டறிந்து சான்றிதழ் கொடுப்பது அதன் வேலை. பத்தொன்பது வருஷத்தில் நானூற்றுப் பத்துப் படங்கள் பார்த்தாகிவிட்டது. புண்படுத்தும் படம் ஒன்றே ஒன்றுகூட அகப்படவில்லை. வாரியம் இதைத் தன் சாதனையாக ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டுக்கொள்ளும்.

படம் பார்க்க ஏழு பொதுப் பார்வையாளர்கள் உண்டு. ஏழும் ஏழு இனம். பெண் ஒருவர் என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார். இளைஞர் ஒருவர் என்ற இடத்தில் இருந்தவருக்கு நாற்பத்துநான்கு வயது. நியமித்த அன்று இளைஞராகத்தான் இருந்தார், அப்புறம் யாரும் கேட்கவில்லை. பருமனானவர் ஒருவர் என்ற இடம் ஒரு பேக்கரிக்காரருடையது. பாவம், அவர் பாடுதான் திண்டாட்டம். சர்க்கரை வந்துவிட்டதால் டாக்டர் இளைக்கச் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்கும் வாரியமோ குறைந்தால் பதவி போகும் என்றது. அவர் டாக்டருக்காகக் காலையில் நடந்தார், வாரியத்துக்காக மாலையில் தன் கடைக் கேக்கையே தின்றார்.

சாதாரணக் கணவர் ஒருவர் என்ற இடம்தான் ஏழு மாதமாகக் காலி. இருந்தவருக்கு விவாகரத்து ஆகி, அன்றைக்கே தகுதி போய்விட்டது. ஏழு பேரும் இல்லாமல் படம் ஓடக்கூடாது என்பது விதி. ஆகவே ஏழு மாதமாக அதிகாரிகள் தினமும் வந்து, கையெழுத்துப் போட்டு, திரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் வாரியத்தின் செயலாளர் ஏறிய லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோயிற்று. லிஃப்ட் மெக்கானிக் வந்து நான்காம் மாடிக் கதவை நெம்பித் திறந்தார். ஐம்பத்துமூன்று வயது, கையெல்லாம் கிரீஸ், நிதானமான மனுஷர். தரையோடு தரையாகச் செயலாளரின் தலை மட்டும் தெரிந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலச் செயலாளரின் முகம் மலர்ந்தது. வெளியே வர அவசரப்படாமல், அங்கிருந்தபடியே அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு சார். இருபத்தேழு வருஷம்."

"மனைவியோட நல்லா இருக்கீங்களா?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்லாத்தான் இருப்பதாகச் சொன்னார்.

"வீட்டை விட்டு ஓடிப்போகலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"தோணும் சார். லீவு கிடைக்காது."

"இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்," என்றார் செயலாளர். அதற்குப் பிறகுதான் கையைக் கொடுத்து மேலே ஏறினார்.

நியமன உத்தரவோடு ஒரு படிவமும் வந்தது. சாதாரணக் கணவர் சாதாரணமானவர்தான் என்று மனைவி எழுதித் தரவேண்டிய உறுதிமொழி அது. மெக்கானிக் அதை மனைவியிடம் கொடுத்துக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். அந்த அம்மாள் ஒரு மருந்துக் கடையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்ப்பவள். எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். படிக்காமல் எதையும் யாருக்கும் கொடுக்கமாட்டாள். உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். குறட்டை உண்டா என்பதற்கு உண்டு. சொன்ன பேச்சைக் கேட்பாரா என்பதற்குச் சில சமயம். கடகடவென்று நிரப்பிக்கொண்டே வந்தவள் பதினோராவது கேள்வியில் பேனாவை மூடினாள்.

'திருமணத்துக்கு முன் கணவர் தங்களை அணுகிய முறை: அ) விரும்பத்தக்கது. ஆ) பொறுத்துக்கொள்ளத்தக்கது. இ) நினைவில்லை.'

"இதுல என்ன யோசனை? அ போடேன்," என்றார் மெக்கானிக் சிரித்துக்கொண்டே.

பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அவள் படிவத்தை அலமாரியில் வைத்தாள். ஒரு மாத அவகாசம் இருந்ததால் அவரும் விட்டுவிட்டார்.

முதல் நாள் திரையரங்குக்குள் போனதும் அவருக்கு ஒரே பிரமிப்பு. மெத்தை நாற்காலி, குளிர்ச்சி, டீ, பிஸ்கட். ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு சிவப்புப் பொத்தான். அதற்கு மனவருத்தப் பொத்தான் என்று பெயர். மனம் புண்பட்டால் அமுக்க வேண்டும். தலைவரின் மேஜையில் ஏழு பல்புகள் உண்டு. பத்து விநாடிக்குள் மூன்று பல்பு சேர்ந்து எரிந்தால் அந்தக் காட்சி புண்படுத்தும் காட்சி. படம் ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த ஆசிரியை தன் பொத்தானை அமுக்க ஆரம்பித்தார். கதாநாயகன் பெண்ணின் தாவணியை இழுத்தபோது அமுக்கினார், குண்டு நண்பன் விழுந்தபோது அமுக்கினார், மாமியாரை மாட்டுக் கொட்டகையில் பூட்டியபோது எழுந்து நின்று அமுக்கினார். அவருடைய கட்டைவிரலில் காய்ப்பே இருந்தது. பல்பு ஒன்றுகூட எரியவில்லை.

மெக்கானிக் தன் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. வேலை செய்கிற பொத்தானுக்கு ஒரு கனம் உண்டு; இது புட்டி மூடி மாதிரி லொடலொடவென்று இருந்தது. பல லிஃப்டுகளில் கதவு மூடும் பொத்தான் எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது, அவசரக்காரர்கள் அமுக்கி ஆத்திரம் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சும்மா வைத்திருப்பார்கள். இடைவேளையில் குனிந்து பார்த்தார். இரண்டு ஒயரையும் முடிச்சுப் போட்டு டேப் சுற்றியிருந்தார்கள். போய்ச் செயலாளரிடம் சொன்னார்.

"தெரியும்," என்றார் செயலாளர் பெருமையாக. "முதல் வருஷம் இணைச்சுத்தான் வச்சிருந்தோம். முதல் படத்துல, டைட்டில் ஓடறப்பவே எரிஞ்சிடுச்சு. என்ன பண்றது? மக்களோட உணர்வுக்கு மதிப்புக் கொடுக்கணும், அதுக்காகப் பொத்தான். பல்பு நிர்வாகம் சம்பந்தப்பட்ட விஷயம்."

இருந்தாலும் வாரியம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் போட்டது. 'இக்காட்சியில் வரும் அறை அக்காலத்து அறை.' 'இந்த மாமியார் நடிகையே. பூட்டும் பொய்ப் பூட்டே.' 'நண்பரின் பருமன் கதைக்குத் தேவைப்பட்டது.' ஒவ்வொரு அதிகாரியும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். சட்ட ஆலோசகர், வாசகங்களைப் படித்து யாராவது மனம் புண்பட்டால் வாரியம் பொறுப்பல்ல என்று இன்னொரு வாசகம் சேர்த்தார். வாசகங்கள் திரையின் அடியிலிருந்து அடுக்கடுக்காக ஏறிக் கதாநாயகியின் கழுத்துவரை வந்தன. கதாநாயகன் உயரமானவன் என்பதால் அவனுக்கு மார்போடு நின்றது.

மூன்றாவது வாரம் பட்டியலில் வந்த பெயரைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் கைகால் ஓடவில்லை. அவர் பதினொரு தடவை பார்த்த படம் அது. அவருடைய வாழ்க்கையையே அமைத்துக் கொடுத்த படம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கதாநாயகன் கழுத்தில் மஞ்சள் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஒரு பெண்ணை ஒரு முழுப் பாட்டுக்குப் பின்தொடர்வான். பஸ் நிறுத்தத்தில் நிற்பான், மழையில் நிற்பான், அவள் போகிற இடமெல்லாம் ஒரு சுவரில் சாய்ந்து நிற்பான். கடைசியில் அவள் மனம் இளகும். மெக்கானிக்கும் இளவயதில் அதே மஞ்சள் கைக்குட்டையோடு, மருந்தாளுநர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எட்டு மாதம் பின்தொடர்ந்தார். சுவரில் சாய்ந்தார். அவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். டீ குடிக்கும்போது வாய் சும்மா இராமல் இதையெல்லாம் தலைவரிடம் சொல்லிவிட்டார்.

தலைவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். இந்தப் படத்தைப் பற்றி மட்டும் பெண்கள் சங்கத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் புகார் வந்திருந்தது. இதோ ஒரு மனிதர், படத்தைப் பார்த்து, படத்தின்படி நடந்து, இருபத்தேழு வருஷமாக நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறார். வெள்ளிக்கிழமை படம் திரையிடப்படும், அன்றைக்கு மனைவியின் உறுதிமொழிப் படிவத்தை, முக்கியமாகப் பதினோராவது கேள்வியை, சபையில் படித்து ஆவணத்தில் சேர்க்க வேண்டும் என்று தலைவர் உத்தரவு போட்டார். படம் வயதுக்கேற்ற ஆரோக்கியத்துடன் உள்ளது என்ற சான்றிதழ் முன்கூட்டியே அச்சாகிவிட்டது.

மெக்கானிக் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அ போட்டுவிடு, நம் கதை அரசாங்க ஆவணத்தில் ஏறப்போகிறது என்று உற்சாகமாகச் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"அ போட முடியாதுங்க," என்றாள்.

"சரி, ஆ போடு."

"அதுவும் முடியாது. இ சுத்தமா முடியாது. எனக்கு நல்லா நினைவிருக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "பயமா இருந்துச்சு. எட்டு மாசமும் பயமா இருந்துச்சு. மூணு தடவை பஸ் ஸ்டாப்பை மாத்தினேன். மூணு தடவையும் நீங்க கண்டுபிடிச்சு வந்தீங்க. அண்ணன்கிட்ட சொன்னேன், அந்தப் படத்துல வர்ற மாதிரியே இருக்கேன்னு சிரிச்சான். கண்டக்டர்கிட்ட சொன்னேன், அவரும் சிரிச்சார். கூடப் படிச்சவளுங்க உனக்கு அதிர்ஷ்டம்டின்னாளுங்க. எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாங்க. நான் ஒருத்திதான் பார்க்கல."

மெக்கானிக்கின் காலடியில் லிஃப்ட் நழுவினாற் போலிருந்தது. பிறகு ஏன் என்னைக் கட்டிக்கொண்டாய் என்று கேட்டார்.

"நீங்க கால் உடைஞ்சு மூணு மாசம் வரவே இல்லையே. நான் அதுக்குள்ள வேலைக்குச் சேர்ந்துட்டேன். ஒரு நாள் கட்டுப்போட்ட காலோட மருந்துச் சீட்டை எடுத்துக்கிட்டுக் கடைக்கு வந்தீங்க. என்னைப் பார்த்ததும் முழி பிதுங்கிப்போய், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டீங்க. அன்னிக்குத்தான் மனுஷன் மாதிரி பேசினீங்க. அந்த ஆளைத்தான் கட்டிக்கிட்டேன். மத்தவனை இல்ல."

அவர் இதுநாள்வரை தன் கல்யாணத்துக்கு அந்தப் படத்தைக் காரணமாக நினைத்திருந்தார். அது ஒரு முறிந்த காலின் புண்ணியம் என்று இப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இருபத்தேழு வருஷமாகப் பக்கத்தில் இருந்தவள் இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தாளே என்பது தாங்க முடியாததாக இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள்தான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவ்வளவு சந்தோஷமாக இருப்பீர்களே என்றாள் அவள். பிறகு படிவத்தை எடுத்து, பதினோராவது கேள்வியின் கீழே தன் கைப்பட ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்க்ரூ டிரைவரோடு போனார். ஏழு நாற்காலிக்கும் ஒயரை இணைத்தார்.

படம் தொடங்கியது. மஞ்சள் கைக்குட்டை வந்தது, பாட்டு வந்தது. கதாநாயகன் சுவரில் சாய்ந்தான். ஆசிரியை பழக்க தோஷத்தில் அமுக்கினார். தலைவர் மேஜையில் ஒரு பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆசிரியை கையை எடுத்துவிட்டு, விரலைப் பார்த்துவிட்டு, மறுபடி அமுக்கினார். மறுபடி எரிந்தது. அப்புறம் அவர் விரலை எடுக்கவே இல்லை. குண்டு நண்பன் விழுந்ததும் பேக்கரிக்காரர் பத்தொன்பது வருஷத்துக் கேக்கையும் நினைத்துக்கொண்டு அமுக்கினார். மெக்கானிக் மூன்றாவதாக அமுக்கினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. தலைவர் பல்புகளைக் கண்டு எழுந்து ஓடி, திரையின் பக்கம் போய் நின்றார்.

"ஷார்ட் சர்க்யூட்," என்றார் செயலாளர். உடனே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். கட்டிடத்துக்கு உள்ள ஒரே மெக்கானிக் அங்கே பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழுது எதுவும் இல்லை சார், இப்போதுதான் சரியாக வேலை செய்கிறது என்று அவர் எழுந்து நின்று சொன்னார். பிறகு படிவத்தைப் பிரித்து, பதினோராவது கேள்வியைப் படித்தார்.

"ஈ, பயந்தேன்."

தலைவர் திரைக்கு முன்னால் நின்றபடியே பேசத் தொடங்கினார். பின்னால் ஓடிய பாட்டுக் காட்சி அவர் வழுக்கைத் தலையிலும் ஓடியது.

"இந்த அம்மையாரின் உணர்வை வாரியம் தலைவணங்கி மதிக்கிறது. ஆனால் படிவத்தில் ஈ என்ற விடை இல்லை. இல்லாத விடையைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்தப் படத்தை லட்சக்கணக்கானோர் ரசித்தார்கள். யார் யார் பயந்தார்கள் என்று இப்போது எண்ண ஆரம்பித்தால், நானூற்றுப் பன்னிரண்டு படத்தையும் அந்தப் பெண்கள் நின்ற இடத்திலிருந்து மறுபடியும் பார்க்க வேண்டிவரும். அந்தப் பக்கம் நமக்கு நாற்காலியே போடவில்லை."

அதிகாரிகள் கைதட்டினார்கள். தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. படிவம் செல்லாது. படிவம் செல்லாததால் மெக்கானிக் சாதாரணக் கணவர் அல்லர். அவர் அமுக்கியது கணக்கில் வராது. மூன்று பல்பு இரண்டாகிவிட்டதால் காட்சி யாரையும் புண்படுத்தவில்லை. படத்துக்கு நானூற்றுப் பதின்மூன்றாவது சான்றிதழும் ஒரு புது வாசகமும் கிடைத்தன: 'இப்படத்தைப் பார்த்து ஏற்பட்ட அச்சம் அக்காலத்துக்கு மட்டுமே உரியது.' ஆசிரியை மெக்கானிக்கிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மெக்கானிக் படியிறங்கும்போது செயலாளர் ஓடிவந்து, வருத்தப்பட வேண்டாம், லிஃப்டுக்கு அவரையே கூப்பிடுவதாக ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படம் டிவியில் வந்தது. மெக்கானிக் சட்டென்று ரிமோட்டை எடுத்தார். மனைவி வேண்டாம் என்று தடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கழித்து முதல்முறையாகப் பார்க்கப் போகிறாள். மஞ்சள் கைக்குட்டை வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாசகங்களுக்கு மேலே கதாநாயகியின் முகம் மட்டும் தெரிந்தது, அவள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள். மனைவி கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"இவ எங்க போறா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"இந்தப் பொண்ணு. இவன் பின்னாடி வர்றான், சரி. அவ எங்கயோ போய்க்கிட்டிருக்கால்ல, அது எங்க?"

பதினொரு தடவை பார்த்த மனுஷருக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தார். தெரியவே இல்லை. பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"நீ எங்க போய்க்கிட்டிருந்தே? அப்ப, கிளாஸ் முடிஞ்சு?"

"நீச்சல் கத்துக்க," என்றாள். "நீங்க சாய்ஞ்சு நிப்பீங்களே ஒரு நீளச் சுவர், அது நீச்சல் குளத்தோட சுவர்தான். மூணு வாரம் போனேன். மிதக்கற வரைக்கும் வந்துச்சு. வெளியில ஆள் நிக்கறது தெரிஞ்சப்புறம் தண்ணில இறங்கப் பிடிக்கல. விட்டுட்டேன்."

அந்தச் சுவர் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நீல வண்ணம் அடித்த சுவர். அதில் எப்படிச் சாய்ந்தால் கைக்குட்டை எடுப்பாகத் தெரியும் என்று பார்த்திருக்கிறாரே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்," என்றார். "ரொம்பப் பெரிய தப்பு."

"ஆமா," என்றாள் அவள். அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினாள். "இருங்க. இவளாவது போய்ச் சேர்றாளான்னு பார்ப்போம்."

இரண்டு பேரும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடிய அந்தப் படத்தில், அந்தப் பெண் எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை.